தாய்ப்பால் இல்லாத பச்சிளம் குழந்தைகளுக்காகப் போராடிய டோனாவூர் 'அம்மை': யார் இந்த ஏமி கார்மைக்கேல்?

சேரன்மகாதேவி பக்கம் ஒரு வீட்டில் பச்சப்புள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னைக்கு என்ன செய்வோம்? 108-க்கு போன் போடுவோம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஆனால் 120 வருஷத்துக்கு முன்னாடி? சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு வழியாகத் தெற்கே போனால் வரும் டோனாவூரில், அதற்கான பதில் இருக்கிறது.

யார் இவர்?

1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். கிறிஸ்தவ ஊழியராக 1895-ல் இந்தியா வந்தார். அடுத்த வருஷமே நெல்லைச் சீமைக்கு வந்து தமிழ் படித்தார். அதன்பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1901-ல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து இவரிடம் அடைக்கலம் கேட்டாள். அங்கிருந்துதான் குழந்தைகளுக்கான டோனாவூர் இல்லம் உருவானது.

கைக்குழந்தைகள் வந்தபோது என்ன ஆனது?

ஓடியாடும் பிள்ளைகளை வளர்ப்பது ஒரு விஷயம். 1904-ல் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளும் வர ஆரம்பித்தபோது கதையே மாறியது. ஏமி டாக்டர் கிடையாது. பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை பால்தான்.

பெற்ற தாய் இல்லாத பிள்ளைக்கு வேறொரு தாய் பாலூட்டலாமே என்று கேட்கலாம். சாதிக் கட்டுப்பாடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. மாட்டுப்பாலோ பச்சிளம் குழந்தைக்கு எளிதில் செரிக்காது. நோய் எதிர்ப்பு சக்தியும் தாய்ப்பாலில் கிடைப்பது போல அதில் கிடைக்காது. பாத்திரமோ தண்ணீரோ கொஞ்சம் சுத்தமில்லாமல் போனாலும் வயிற்றுப்போக்கு. இந்திரநீலா என்று பெயரிட்டு ஆசையாக வளர்த்த குழந்தை 1905 ஜனவரியில் இறந்துபோனது. அதுபோல இன்னும் சில இழப்புகள். பாசம் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது, மருத்துவமும் வேண்டும் என்பது ஏமிக்கு அப்போதுதான் புரிந்தது.

நெய்யூர் போனது ஏன்?

அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. டோனாவூரிலிருந்து மாட்டு வண்டியில் போக வேண்டிய நீண்ட பயணம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார் ஏமி. அதை நடத்தியவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. எந்தப் பிள்ளைக்குப் பாலை எப்படிக் கலந்து கொடுப்பது, நோயை எப்படிக் கவனிப்பது என்று ஒவ்வொன்றையும் அங்கே கற்றுக்கொண்டார். ஏமியின் பெயர் தெரிந்த பலருக்குப் பொன்னம்மாளைத் தெரியாது. ஆனால் ராத்திரி பகலாகப் பிள்ளைகளைக் காத்தவர் அவர்தான்.

அங்கேயும் விதி விடவில்லை. சீதபேதி பரவி 10 குழந்தைகள் இறந்தன. அன்று ஆன்டிபயாடிக் மருந்துகள் கிடையாது. இன்று மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியும் கிடையாது. அதன் பலன் பெரிய அளவில் தெரிந்ததே 1971-ல், வங்கதேச அகதிகள் முகாமில்தான்.

பிறகு என்ன நடந்தது?

ஏமி பின்வாங்கவில்லை. 1907-ல் மேபல் வேட் என்ற பயிற்சி பெற்ற நர்ஸ் வந்து சேர்ந்தார். கைக்குழந்தைகள் டோனாவூருக்கே கொண்டுவரப்பட்டார்கள். 1913-ல் இல்லத்தில் சுமார் 130 பிள்ளைகள். 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தது ஏமிக்குப் பேரிழப்பு. 1920-களில் டாக்டர்களும் வந்தனர். பிறகு டோனாவூரிலேயே ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. சுற்றுவட்டார மக்களும் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

சர்ச்சையும் இருந்தது. பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மதம் மாற்றுகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். வழக்குகளும் வந்தன. இன்னொரு பக்கம், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டரீதியாகப் போராடினார். அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது.

1931-ல் களக்காட்டில் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, கடைசி 20 வருஷங்களைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். 1951 ஜனவரி 18-ல் காலமானார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் அம்மை என்று மட்டும் பொறித்தார்கள் அவர் வளர்த்த பிள்ளைகள்.

இன்று ஏன் இதைப் பேச வேண்டும்?

2014-ல் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகள் தொடங்கப்பட்டன. ஒரு தாய் தானமாகத் தரும் பால், சாதி மதம் பார்க்காமல் யாரோ ஒருவர் பிள்ளையின் உயிரைக் காக்கிறது. இந்திரநீலாவுக்கு அன்று கிடைக்காமல் போனது அதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பால் கொடுக்கும் தாய் இருந்தால், இந்தத் தானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்க.