ரசிகமணியும் வகுப்பறையும்

குற்றாலத்து அருவிநீரை ஏந்திச் சிற்றாறு தென்காசியை நோக்கிச் செல்லும் நாட்டிலே, தமிழ்க் கவியையும் அருவிபோல் ஆடித் திளைத்தற்குரியதாகக் கொண்ட பெரியார் ஒருவர் வாழ்ந்தார். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்னும் அவரை அறியாத தமிழ் மாணவர் சிலரே. எனினும், கற்பித்தலில் அவர் கையாண்ட முறையை எண்ணிப் பார்த்தார் மிகச் சிலராதலின், அதனை எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

தென்காசிக் குடும்பத்தில் 1882-இல் தோன்றிய இவர், சட்டப் பட்டம் பெற்றும் நீதிமன்றத்தில் மனம் பற்றினாரல்லர். 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகவும், பின்னர் 1935 வரை அறநிலையக் கமிஷனராகவும் விளங்கினார். பதவிகளைப் பற்றி இவ்வளவே சாலும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இவர் இல்லத்து முற்றம் வட்டமானது. அங்கே கூடிய அன்பர் குழு அதனால் வட்டத்தொட்டி என்றே பெயர் பெற்றது. அதில் இலக்கணமும் பதவுரையும் முன்னிற்கவில்லை. ஒரு செய்யுளை எடுத்து, பொருள் நிற்குமிடத்தில் குரலை நிறுத்தி, தாளம் புலப்படப் பன்முறை பாடுவார். கேட்போர் உள்ளம் கனிந்த பின்னரே விளக்கம் வரும். அச்சிட்ட நூல்களிலும் சந்தியைப் பிரித்து, எளியோரும் வாய்விட்டுப் படிக்குமாறு அமைத்தார். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியமர்ந்தபோது ராஜாஜி, கல்கி முதலியோர் அங்கு வந்து இவ்வின்பம் துய்த்தனர்.

தாய்மொழியிற் கல்லாதவன் கல்வியின் சுவையை இழப்பான் என்பது அவர் ஓயாது வற்புறுத்திய கொள்கை. 1953-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் அறிஞர் குழுவும் தாய்மொழியே கல்விக்குத் தக்க வாயில் என்றது. 2000-இல் அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு, ஆசிரியர் துணையோடு ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாய்விட்டுப் படிப்பது சரளத்தையும் பொருளுணர்வையும் வளர்க்கின்றது என ஆராய்ந்துரைத்தது. அது எழுத்தறியும் சிறுவரைப் பற்றிய ஆராய்ச்சி. கம்பன் கவிக்கு அப்படியே பொருந்துமென யாம் சாதிக்கவில்லை.

இவரிடத்துக் குறையும் உண்டு. தம் செவிக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என ஒதுக்கினார். ஏட்டுச் சான்றின்றிச் சொற்களையும் திருத்தினார். புலவர் சினந்தது முறையே. சுவையறிந்த செவி கற்பித்தற்கு நல்ல துணை. பாடம் தேர்தற்கு அது மட்டும் போதாது.

1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் இவர் மறைந்தார்.

சென்ற சாரற் பருவத்தில் தென்காசிக்கு அணித்தான ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பினர்க்குச் சில நாள் தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. முதல் நாள் பதவுரை கூறினோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டனர், அவ்வளவே. மறுநாள் வேறொரு செய்யுளைப் பொருள் கூறாது ஐந்து முறை பாடி, அவர்களையும் பாடுவித்து, குரல் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என வினவினோம். செய்யுள் வேறு, நாள் வேறு. ஆகவே இதனைச் சோதனை என்று கூறத் துணியோம். ஆயினும் கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, அந்த இடத்தில் வேறு சொல் வந்தாலும் பாட்டு நிற்குமே, புலவர் ஏன் இதைப் போட்டார் என்று கேட்டான். ஆனர்ஸ் வகுப்பில் அச்செய்யுளுக்கு நல்ல மதிப்பெண் பெற்றிருந்த எமக்கு அன்று விடை தோன்றவில்லை. நாளை சொல்கிறோம் என்று கூறி, மாலையில் குற்றாலம் செல்லும் வழியெல்லாம் அதனைப் பாடிக்கொண்டே நடந்தோம்.