கடைக்காரர்களுக்கு 'காலண்டர் முருகனை'க் கொடுத்த ஓவியர் கொண்டையராஜு

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். டிசம்பர் 31-ந்தேதி ராத்திரி நடக்கும் படித்திருவிழாவில் படிக்குப் படி சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே பக்தர்கள் மலையேறுவார்கள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி.

பொழுது விடிந்தால் ஊர் பூரா இன்னொரு 365 தொங்கும். அதுதான் கிழிக்கிற நாள் காலண்டர். மளிகைக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை என்று எங்கே போனாலும் மேலே சாமி படம், கீழே கடை பேர்.

அந்தப் படத்தில் மயிலோடு நிற்கும் முருகனையும், வள்ளி-தெய்வானையோடு புன்னகைக்கும் முருகனையும் வீடு வீடாகக் கொண்டுபோய் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஓவியர் சி.கொண்டையராஜு. வியாபாரத்துக்கு இவரது தூரிகை செய்த உதவி கொஞ்சநஞ்சம் அல்ல. இத்தனைக்கும் இவர் இல்லற வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தவர்!

மயிலாப்பூர்க்காரர்

1898-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தெலுங்கு பேசும் ராஜு குடும்பம். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். படித்த படிப்புக்கு நல்ல உத்தியோகம் பார்த்திருக்கலாம். மனசு ஆன்மிகம் பக்கம் இழுத்தது. திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆசிரமத்தில் தங்கினார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீன் படுதா வரைந்தார். அவருடைய ஓவியத்துக்கு இதுதான் பெரிய பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் நாடகத்துக்கு கூட்டம் சேர்த்ததே பாதி படுதாதான். அரண்மனை, நந்தவனம், அருவி, தெருவீதி எல்லாம் துணியில்தான். தரை டிக்கெட் வாங்கி கடைசியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் அது பளிச்சென்று தெரிய வேண்டும். பக்கத்தில் போய் ரசிக்கிற நுணுக்கம் அங்கே செல்லாது. உருவம் பெரிசாக, கலர் அழுத்தமாக, பின்னால் மலையும் தண்ணீருமாக ஆழம் தெரிய வரைய வேண்டும். தூரத்தில் இருப்பவனை இழுத்துப் பிடிக்கிற வேலை அது. கடைக்காரருக்கும் அதுதானே வேண்டும்!

சிவகாசி அழைத்தது

1940-களில் நாடக வேலை ஓய்ந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கே 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' உருவானது. டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், எம்.ராமலிங்கம் போன்ற சீடர்கள் சேர்ந்தார்கள். குருவும் சீடருமாக ஒரே படத்தில் வேலை செய்தார்கள். சில படங்களில் கொண்டையராஜு, சுப்பையா இருவரின் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். தன் பேர் மட்டும் நிற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

பக்கத்திலேயே சிவகாசி. கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் காலத்திலிருந்து வளர்ந்த ஊர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகங்கள் வந்தன. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. காலண்டருக்கு சாமி படம் வரைய ஆள் வேண்டுமே. கொண்டையராஜுவின் படுதா கை அங்கே தேவைப்பட்டது.

சாமி படத்தை முதலில் மொத்தமாக அச்சடித்து வைத்துக்கொள்வார்கள். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். ஆடிப்பெருக்கு நாளில் புது ஆல்பம் வெளிவரும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் காலி இடத்தில் அவர் கடை பேர் ஏறும். சின்ன ஊர் மளிகைக்கடைக்கும் கட்டுப்படியாகிற விளம்பரம் இது.

நோட்டீஸ் கொடுத்தால் தெருமுனையிலேயே கசக்கிப் போடுவார்கள். சாமி படத்தை யார் கசக்குவார்கள்? வருஷம் முடிந்தும் தூக்கிப் போட மனசு வராமல் கண்ணாடி பிரேம் போட்டு பூஜை அறையில் மாட்டிய வீடுகள் ஏராளம். பொட்டும் பூவும் முருகனுக்கு, பக்கத்திலேயே கடை பேருக்கும் ஓசியில் ஒரு இடம்! கடைக்குள்ளேயும் கல்லாவுக்கு மேலே மாலையும் கலர் பல்புமாக அதே படம். உள்ளே நுழைகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

திருத்தணியில்...

1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. இன்றைக்கும் ஆடிக்கிருத்திகைக்கு தமிழ் பக்தர்களும் தெலுங்கு பக்தர்களும் காவடியோடு குவிகிறார்கள். போர்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தால் நின்றுவிடுவார். அதனால்தான் கோவில் வழிக் கடைகளில் முருகன் படம் முன்னால், நடக்கிறவர் கண் மட்டத்தில் இருக்கிறது. விநாயகரும் லட்சுமியும் பின்னால்தான். தெலுங்கு வீட்டில் பிறந்து தமிழ்க் கடவுளை வரைந்தவரின் பாணி இங்கே பொருந்துவது அதிசயம் இல்லை.

லட்சக்கணக்கில் படங்கள் அச்சாகியும் கொண்டையராஜு கடைசிவரை எளிமையாகத்தான் வாழ்ந்தார். அவர் கண்ட பலன், சீடர்கள் கை பழகி ஆளுக்கொரு ஓவியராக நின்றதுதான். 1976-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி காலமானார்.

அவர் பாணியில் வந்த முருகன் படங்கள் இன்னமும் விற்கின்றன. வாங்குகிறவர்கள் வேலையும் மயிலையும் பார்த்து வாங்குகிறார்கள். ஓவியரின் பேர் இருப்பது கீழே ஓரத்தில், பொடி எழுத்தில். பிரேம் போடும்போது பல படங்களில் அது சட்டத்துக்கு அடியில் போய்விடுகிறது.