பினாங்குக் கோட்டைக்குப் பெயர் தந்த பிரபு



பினாங்குக்குச் சுற்றுலா போனால் நாம் தவறாமல் பார்க்கும் இடம் கடற்கரையோரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டை. பீரங்கியின் மேல் கை வைத்துப் படம் பிடித்துக் கொள்வோம். பிறகு பஸ் ஏறிச் சிம்பாங் பூலாய்க்குத் திரும்பி விடுவோம். அந்தக் கார்ன்வாலிஸ் யார், அவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று யோசித்ததுண்டா? உறவு உண்டு. சேலம், திண்டுக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிச்சயமாக உண்டு.

சார்ல்ஸ் கார்ன்வாலிஸ் 1738ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் லண்டனில் பிறந்தார். பெரிய பிரபு குடும்பம். ஈட்டன் பள்ளியில் படிக்கும்போது ஹாக்கி ஆட்டத்தில் சக மாணவன் ஒருவனின் மட்டை கண்ணில் பட்டு, அந்தக் கண்ணில் ஆயுள் முழுவதும் குறை இருந்தது. அடித்த பையன் பின்னாளில் பெரிய பாதிரியாராக, டர்ஹம் நகரத்துப் பிஷப்பாக உயர்ந்தான். கார்ன்வாலிஸ் கண்ணைச் சாக்குச் சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 1756இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1762இல் தந்தை இறக்கவே பிரபு பட்டம் அவருக்கு வந்தது.

1768இல் ஜெமைமா என்ற பெண்ணை மணந்தார். அவள் ஒரு கர்னலின் மகள், பெரும் செல்வமில்லாதவள். ஆனாலும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். மேரி என்று ஒரு மகள், சார்ல்ஸ் என்று ஒரு மகன் பிறந்தார்கள். அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

அமெரிக்க மக்கள் விடுதலை கேட்டு எழுந்தார்கள். அவர்கள் மேல் அநியாயமாகச் சட்டம் போடக்கூடாது என்று பிரபுக்கள் சபையில் எதிர்த்து வாக்களித்த ஐந்தே பேரில் கார்ன்வாலிசும் ஒருவர். ஆனால் போர் வந்ததும், அரசர் உத்தரவு என்று 1776இல் அதே மக்களோடு சண்டை போடக் கப்பலேறினார். போகவேண்டாம் என்று மனைவி எவ்வளவோ மன்றாடினாள். கேட்கவில்லை. பிரிவின் ஏக்கத்தில் அவள் உடல் தளர்ந்தது. செய்தி கேட்டு 1778 கடைசியில் ஓடோடி வந்தார். 1779 பிப்ரவரி 14ஆம் நாள் ஜெமைமா கண்ணை மூடினாள். துயரத்தால் உடைந்த தன் நெஞ்சுக்கு நேராகக் கல்லறையில் ஒரு முள்மரம் நடச் சொன்னாள் என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுபடியும் போருக்கே போனார். 1781 அக்டோபரில் யார்க்டவுன் என்ற ஊரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தார். உலகமே பார்க்கத் தோற்றுப்போன மனிதர்! அத்தோடு அவர் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். அங்கே எழுந்த கோட்டைக்குக் கவர்னர் ஜெனரலின் பெயர் வைக்கப்பட்டது. கார்ன்வாலிஸ் அங்கே காலடி வைத்ததே இல்லை. முதலில் நிபோங் மரத்தால் போட்ட அடைப்பைப் பிறகு கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டியவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

இந்தியாவில் கும்பினி உத்தியோகஸ்தர்கள் லஞ்சம் வாங்கிக் கொழுத்த காலம் அது. கார்ன்வாலிஸ் சம்பளத்தை உயர்த்தி, திருட்டு வருமானத்தை ஒடுக்கினார். இந்தியப் பிள்ளைகளைப் பிடித்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றுவதை 1789இல் தடை செய்தார். இவை நல்ல காரியங்கள். ஆனால் அவரே இந்தியர்களுக்குப் பெரிய உத்தியோகம் கிடையாது என்று கதவைச் சாத்தினார். 1793இல் வங்காளத்தில் நிலவரியை நிரந்தரமாக்கி ஜமீன்தார்களை நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக்கினார். உழுதவன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1802 முதல் அந்த முறை சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் வந்தது. ஊரில் சோறு இல்லாமல் நம் முன்னோர் கப்பலேறியதற்குப் பஞ்சமும் சாதிக் கொடுமையும் போல, நிலம் கையில் இல்லாததும் ஒரு காரணம்.

1792இல் திப்பு சுல்தானைத் தோற்கடித்தார். பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கேட்டார். சேலம், பாராமகால், திண்டுக்கல் சீமைகள் அப்போதுதான் கும்பினி கைக்குப் போயின. பணம் கட்டி முடியும்வரை திப்புவின் மகன்களில் இருவரைப் பிணையாக வாங்கிக்கொண்டார். மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும், இளையவனுக்கு எட்டு. அவர்களை அன்பாகத்தான் நடத்தினார். ஆனாலும் தாயில்லாத தம் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்த அந்தத் தகப்பன், இன்னொரு தகப்பனிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார். 1794இல்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் இந்தக் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பிறகு மார்குவிஸ் பட்டம், அயர்லாந்து ஆட்சி என்று பதவி மேல் பதவி. 1805இல் அறுபத்தாறு வயதில், உடம்பு முடியாத நிலையிலும் மறுபடியும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வந்த மூன்றாம் மாதம், அக்டோபர் 5ஆம் நாள், கங்கைக் கரையில் காஜிப்பூரில் இறந்தார். சமாதி அங்கேயே இருக்கிறது. மனைவி கிடப்பதோ இங்கிலாந்தில். மகனுக்கு ஐந்தும் பெண்பிள்ளைகள். ஆண் வாரிசு இல்லாததால் 1823இல் மார்குவிஸ் பட்டமும் அற்றுப்போனது.

பிள்ளைகளே, பரிசு வாங்காதவர்கள் கலங்கவேண்டாம். யார்க்டவுனில் தோற்றவர் பிறகு எவ்வளவு உயர்ந்தார் என்று பார்த்தீர்கள். பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிரபு தம் வீட்டை விட்டுப் போனது பதவிக்காக. இருட்டோடு எழுந்து பால்மரக் காட்டுக்குப் போன உங்கள் தாத்தா பாட்டியும் தாய் தகப்பனும் போனது உங்கள் வயிற்றுக்காகவும் படிப்புக்காகவும். அவர்கள் பெயரில் கோட்டை இல்லை. இன்று வாங்கும் பரிசை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.