கடையத்துச் செல்லம்மா: வீட்டைத் தாங்கியவரைத் தாங்கியது யார்?



ஆண்டு மலரில் ஒரு பெண்ணோட வாழ்க்கை வரலாறு வேணும்னு பேச்சு வந்ததும் நாம தூரமா எங்கேயும் தேடவில்லை. நம்ம கடையத்துலயே பிறந்த செல்லம்மா இருக்காங்க. மகாகவி பாரதியாரின் மனைவி என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். பாரதியாரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவருக்குச் சோறு பொங்கிப் போட்டு, நோயில் பார்த்து, அவர் போன பிறகு அவர் எழுதியதைக் காப்பாற்றப் பாடுபட்ட அம்மாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

செல்லம்மா 1890-இல் கடையத்தில் பிறந்தார். அப்பா பெயர் செல்லப்பா ஐயர். 1897-இல் எட்டயபுரத்து சுப்பிரமணியனுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு 14 வயது, பொண்ணுக்கு 7 வயது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. மறு வருஷமே மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார். பாரதி காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். திரும்பி வந்த பிறகுதான் இருவரும் எட்டயபுரத்தில் குடித்தனம் தொடங்கினார்கள்.

1904-இல் மூத்த மகள் தங்கம்மா பிறந்தார். அந்த ஆண்டே பாரதி மதுரையில் சில மாதம் தமிழாசிரியராக இருந்துவிட்டு, சென்னைக்கு, சுதேசமித்திரன் பத்திரிகைக்குப் போனார். இளைய மகள் சகுந்தலா 1908-இல் பிறந்தார். அதே ஆண்டு 'இந்தியா' பத்திரிகை மேல் வெள்ளைக்காரன் கை வைத்தான். பாரதி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குத் தப்பிப் போனார். கைப்பிள்ளையோடு செல்லம்மாவும் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தார்.

புதுச்சேரியில் 10 வருஷம்

1908 முதல் 1918 வரை புதுச்சேரி வாசம். பத்திரிகை நின்றதும் நிலையான வருமானம் நின்றது. வாசலில் எப்போதும் போலீஸ் ஒற்றர்கள் நின்றார்கள். வந்த தபாலெல்லாம் கைக்குச் சேரவில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் மட்டும் குறையவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டாக வேண்டும்.

கணவர் நல்லவர், அன்பானவர். ஆனால் காசு அவர் கையில் தங்காது. யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். எட்டயபுரத்தில் இருந்தபோது ஒரு தடவை சென்னைக்குப் போனவர், வீட்டுச் சாமான் வாங்கி வருவார் என்று எதிர்பார்த்தால், கட்டுக் கட்டாகப் புத்தகமும் செல்லம்மாவுக்கு ஒரே ஒரு புடவையும் கொண்டு வந்தார். சோற்றுக்கு எடுத்து வைத்த அரிசியைக் குருவிக்குப் போட்டுவிட்டு, அது தின்பதைப் பார்த்து ஆனந்தப்பட்டவர் அவர். இதைப் பாட்டாகக் கேட்டால் நமக்கு இனிக்கும். அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகளுக்கு என்ன பொங்குவது என்று அடுப்படியில் நின்றவர் செல்லம்மா.

அந்த வீட்டைத் தாங்கியதில் பல கைகள் உண்டு. வாடகை கேட்டு நெருக்காத வீட்டுக்காரர் ஒருவர். அவரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்றே அழைத்தார்கள். வீட்டு வேலையில் கூட நின்றவர் அம்மாக்கண்ணு. மண்டயம் சீனிவாசாச்சாரியார் குடும்பம் அக்கம்பக்கத்து உறவு. அவர் மகள் யதுகிரி பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் அந்த வீட்டின் சந்தோஷமும் கஷ்டமும் அப்படியே இருக்கின்றன. இவங்க யாரும் பெரிய பணக்கார வள்ளல்கள் இல்லை. சேர்ந்தாற்போலக் கொடுக்கவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தேவைப்பட்ட நாளில் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் 10 வருஷம் உயிரோடு இருந்தது அதனால்தான்.

கடையத்தில் 2 வருஷம்

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு, திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு டிசம்பரில் வெளியே வந்தார். நேரே வந்தது நம்ம கடையத்துக்குத்தான். செல்லம்மாவின் பிறந்த ஊர், அண்ணன் அப்பாத்துரை இருக்கும் ஊர்.

நித்யகல்யாணி அம்மன் கோயிலும், தட்டப்பாறையும், பின்னால் மலையும் பாரதிக்குப் பிடித்துப்போனது. அக்கிரகாரத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகுவார், சாப்பிடுவார். கழுதைக் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர் பேசியது. அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்ததைவிட செல்லம்மா காதில்தான் அதிகம் விழுந்திருக்கும். தண்ணி எடுக்கப் போற இடத்துல, கோயில் வாசல்ல, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல பதில் சொல்ல வேண்டியவர் பிறந்த வீட்டுப் பெண்தானே. அவர் கணவரையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஊரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

கடையத்தில் இருந்தபோதுதான் பாரதி 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குக் கவிதையாகவே விண்ணப்பம் எழுதினார். உதவி வரவில்லை. 1920-இல் ஒரு பெரிய திட்டம் போட்டார். இதைக் குழுப் பெண்கள் நாம கவனமாகப் பார்க்க வேணும்.

தன் எழுத்துகளை 40 புத்தகமாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம் பிரதி. அச்சுக்கு ரூ.20,000, விளம்பரத்துக்கு ரூ.10,000. இதற்கு நண்பர்கள் ஆளுக்கு ரூ.100-க்குக் குறையாமல் கடன் தர வேண்டும், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி தரப்படும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ரெண்டு வட்டி! நம்ம உள்கடன் கணக்கு மாதிரியே தெளிவாக எழுதியிருக்கிறார். பிச்சை கேட்கவில்லை, முறையாகக் கடன்தான் கேட்டார். ஆனாலும் பணம் சேரவில்லை.

ரூ.30,000 சேர்க்க நூறு ரூபாய்க்காரர் 300 பேர் வேண்டும். அந்தக் காலத்தில் 100 ரூபாய் என்பது சாமானியர் வீட்டில் பல மாதச் சம்பாத்தியம். நூறு கொடுக்க முடிந்தவர்களுக்குப் போலீஸ் பயம் இருந்தது. பாட்டைப் பாடித் திரிந்தவர்களிடம் நூறு இல்லை. ஓரணா, இரண்டணா கொடுத்திருக்கக் கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த அணாவை வீடு வீடாக வாங்கி, கணக்கு எழுதி, ஒன்று சேர்க்க ஒரு அமைப்பு இல்லை.

சேர்த்த பணமும் போய்ச் சேரணும்

அதே காலத்தில் நம்ம பக்கத்து ஒட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சிதம்பரனாருக்கும் இந்த நிலைதான். 1908-இல் சிறைக்குப் போய் 1912 கடைசியில் வந்தவருக்குக் கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. சென்னையில் மனைவி மீனாட்சி அம்மாள், பிள்ளைகளோடு தினப்பாட்டுக்கே கஷ்டப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் சேர்த்து காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் யார், எவ்வளவு என்ற விவரம் கையில் இல்லாததால் கடிதம் மேல் கடிதம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் 1916-இல்தான் ரூ.347, 12 அணா வ.உ.சி. கைக்கு வந்தது.

கொடுத்தவர்கள் மனசு பெரியது. வாங்கிக்கொடுத்தவரின் நேர்மையில் குறையில்லை. பட்டியல் இல்லாததால் பட்டினி கிடந்த வீட்டுக்கு உதவி தாமதமானது. நம்ம தீர்மான நோட்டும் வரவு செலவு நோட்டும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

1921

1920 கடைசியில் பாரதி மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்து, திருவல்லிக்கேணிக்குக் குடும்பத்தோடு போனார். 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது. குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். அந்தக் காயம் ஆறினாலும் உடம்பு தேறவில்லை. பிறகு வயிற்றுக் கடுப்பு வந்து படுத்தார். மருந்து சாப்பிட மறுத்தார். கெஞ்சிக் கெஞ்சி மருந்து கொடுத்துப் பார்த்த வீடுகள் நம்ம ஊரிலும் எத்தனையோ இருக்கு. அந்த ராத்திரிகள் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பரலி சு. நெல்லையப்பரும் நீலகண்ட பிரம்மச்சாரியும் கடைசி இரவில் கூட விழித்திருந்தார்கள். செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. பாரதிக்கு வயது 38. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் 20 பேர்கூட இல்லை. செல்லம்மாவுக்கு அப்போது 31 வயதுதான்.

பொறுப்பு முடியவில்லை

படிப்பு இல்லை, சொத்து இல்லை, சின்ன மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கைம்பெண் திண்ணைக்கு வருவதையே குற்றமாகப் பார்த்த காலம். அப்படி இருந்தும் செல்லம்மா சும்மா உட்காரவில்லை. அண்ணன் அப்பாத்துரை துணையோடு சென்னையில் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் ஒரு வெளியீட்டகம் தொடங்கினார். தமிழ் மக்கள் ஆதரவு தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1922-இல் சுதேச கீதங்கள் இரண்டு பாகமாக வெளிவந்தது. கடையத்துப் பெண் ஒருவர் பதிப்பாளர் ஆனார் என்பதை நம்ம பிள்ளைகளுக்கு நாம சொல்லணும்.

முதலீடு இல்லாமல் தொழில் நிற்கவில்லை. 1924-இல் பாரதியின் தம்பி விசுவநாத ஐயர், ஹரிஹர சர்மா, சகுந்தலாவின் கணவர் நடராஜன் மூவரும் பாரதி பிரசுராலயம் தொடங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள். 1928-இல் அரசு பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் வாதாடினார். கடன் நெருக்கடியில் 1931-இல் செல்லம்மா புத்தக உரிமையை ரூ.4,000-க்கு பிரசுராலயத்துக்கு எழுதிக்கொடுத்தார். பாட்டைப் பதிவு செய்யும் உரிமை வேறு கைகளுக்குப் போய், 1946-இல் ஏவி.எம். நிறுவனம் அதை ரூ.9,500-க்கு வாங்கியது. நாடே பாடிய பாட்டுக்கு எழுதியவர் வீட்டில் உரிமை மிச்சமில்லை.

பாட்டு மக்களுக்கே சொந்தமாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் இயக்கம் நடத்தினார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலியவர்கள் திருநெல்வேலிக்கு வந்து செல்லம்மாவைப் பார்த்துச் சம்மதம் கேட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1949-இல் பாரதி பாடல்களின் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு ரூ.5,000 கொடுக்கப்பட்டது. பாரதி இறந்து 28 வருஷம் கழித்து!

இதற்கு நடுவில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுந்தது. கல்கி பத்திரிகை வாசகர்களிடம் வேண்டுகோள் விட்டது. முடிந்ததை அனுப்புங்கள் என்றதும் ஊர் ஊராகப் பணம் வந்தது. 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்ட, 1947-இல் மண்டபம் திறக்கப்பட்டது. 1920-இல் நூறு நூறாகக் கேட்டுச் சேராத பணம், சிறுகச் சிறுகக் கேட்டபோது சேர்ந்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் போனவருக்கு மண்டபம் கட்டச் சேர்கிற காசு, இருக்கும்போது பார்த்துக்கிடுற வீட்டுப் பெண்ணுக்குச் சேர்வதில்லை என்பதையும் இந்த வரலாறுதான் காட்டுகிறது.

1941-இல் செல்லம்மா சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதி, பாரதியார் சரித்திரம் புத்தகமாக வந்தது. 1951-இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிப் பேசினார். குறையையும் மறைக்காமல், பெருமையையும் குறைக்காமல் பேசிய பேச்சு அது. 1955-இல் காலமானார். 2022-இல் சேவாலயா தொண்டு நிறுவனம் கடையத்தில் செல்லம்மா பாரதி பெயரில் கற்றல் மையம் தொடங்கியது. ஊர்ப் பெண் பெயர் ஊருக்கே திரும்பி வந்தது.

நாம செய்ய வேண்டியது

நம்ம ஒன்றியத்தில் இன்றைக்கும் செல்லம்மாக்கள் உண்டு. பக்கவாதத்தில் படுத்த மாமியாரை, நடக்க முடியாத பிள்ளையை, புத்தி தடுமாறிய அப்பாவைப் பார்க்கிற பெண்கள். பீடித் தட்டை மடியில் வைக்க நேரமில்லை, நூறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை, குழுக் கூட்டத்துக்குக்கூட வர முடியவில்லை. சேமிப்பு நின்றுபோய், மெதுவாகக் குழுவை விட்டே விலகிவிடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நம்ம குழுப் பெண்களே கொண்டு போகிறார்கள். நோயாளிக்கு அது நல்லது. பார்த்துக்கிடுற பெண்ணுக்கு என்ன வழி?

அதற்குத்தான் இந்த யோசனை. அந்தக் காலத்துப் பிடி அரிசி மாதிரி, ஆளுக்கு மாதம் 10 ரூபாய். 12 பேர் குழுவில் 120 ரூபாய். 20 குழு சேர்ந்தால் மாதம் 2,400 ரூபாய். இது கடன் இல்லை, வட்டி இல்லை, திருப்பிக் கேட்பதும் இல்லை. தனி நோட்டு, தனிக் கணக்கு, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பு. பணம் பார்த்துக்கிடுற பெண்ணின் கையிலேயே போக வேண்டும், அந்த மாதமே போக வேண்டும். கொடுக்க முடியாதவர்கள் வாரத்தில் அரை நாள் அந்த வீட்டில் நோயாளி பக்கத்தில் இருக்கட்டும், அந்தப் பெண் வெளியே போய் வரட்டும். அதுவும் நன்கொடைதான், நோட்டில் அதையும் வரவு வைப்போம்.

விலகிப்போன உறுப்பினரின் பெயரை அடிக்காமல் வைத்திருப்போம். சந்தா கட்டாத மாதங்களில் அவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவோம்.

வருகிற கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசித் தீர்மானம் போட்டு அனுப்புங்கள் அக்காமாரே. செல்லம்மா காலத்தில் மனசுள்ளவர்கள் இருந்தார்கள், குழு இல்லை. இப்ப நமக்குக் குழு இருக்கு.