கல் சுமந்த பங்குத்தந்தை

ஆலயம் கட்ட நாம் பொறியாளரைத் தேடுகிறோம். கட்டி முடித்த ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்ற குருவானவரை அழைக்கிறோம். இந்த இரு பணிகளையும் தாமே செய்ததோடு, கொத்தனாராகவும் நின்று உழைத்த ஒரு குருவைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அருட்தந்தை ஜான் ஹாஸ்.

1876-ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்த அவர், கட்டடக்கலை பயின்று அத்தொழிலைச் செய்து வந்தார். 1903-இல் ஆங்கிலிக்கன் சபையில் குருவானார். பின்னர் பஹாமாஸ் நாட்டின் லாங் தீவுக்குச் சென்று, 1908-ஆம் ஆண்டுப் புயலில் சேதமடைந்த ஆலயங்களைச் சீரமைத்தார். 1911-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, உரோமையில் பயின்று, 1915-இல் கத்தோலிக்கக் குருவாக அருள்பொழிவு பெற்றார்.

அசிசியின் புனித பிரான்சிசைப் போல ஏழையாக, தனிமையில் செபித்து வாழ வேண்டும் என்பதே அவருடைய உள்ளத்தின் ஏக்கம். ஆனால் ஜெரால்டன் மறைமாவட்ட ஆயர் வில்லியம் கெல்லி அவரை அழைத்து, பேராலயம் கட்டும் பொறுப்பைக் கொடுத்தார். துறவியாக விரும்பியவர் கீழ்ப்படிந்து கல்லையும் சுண்ணாம்பையும் கையில் எடுத்தார். அடுத்த 24 ஆண்டுகள் அப்பணியிலேயே கழிந்தன.

புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயத்தின் வேலை 1916-இல் தொடங்கியது. இடையில் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டு, 1938-இல்தான் நிறைவடைந்தது. அந்தக் காலத்தில் அவர் சோர்ந்து அமரவில்லை. தாம் பங்குத்தந்தையாக இருந்த முல்லேவா என்ற சிற்றூரில், கார்மேல் அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்பினார். அவ்வூர்ப் பக்கத்துக் கல்லையே எடுத்து, பெரும்பகுதியைத் தம் கைகளாலேயே அடுக்கினார். அவ்வாலயம் 1927-இல் திறக்கப்பட்டது. கொளுத்தும் வெயில் காயும் அந்த மண்ணில், தடித்த கற்சுவர்கள் உள்ளே வருவோர்க்குக் குளிர்ச்சி தருகின்றன. முல்லேவாவில் ஒரு பாறையையே பீடமாக்கி, அம்மண்ணின் பூர்வகுடி மக்களுக்காகவும் அவர் திருப்பலி நிறைவேற்றினார்.

மொராவாவில் திருச்சிலுவை ஆலயம், நார்த்தாம்ப்டனில் அன்னை மரியாவின் ஆலயம், பெரஞ்சோரியில் புனித யோசேப்பு ஆலயம், யால்கூவில் ஒரு சிற்றாலயம் என, கோதுமை வயல்களுக்கும் சுரங்கங்களுக்கும் நடுவே இருந்த சிறிய ஊர்களிலும் அவருடைய கட்டடங்கள் எழுந்தன. அவை இன்றும் நிற்கின்றன. பாரம்பரியச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன.

1939-இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், தம் பழைய ஏக்கத்தை நிறைவேற்ற அவர் மீண்டும் பஹாமாசுக்குப் புறப்பட்டார். கேட் தீவில், நாட்டின் மிக உயரமான குன்றின்மேல் தமக்கெனச் சிறியதொரு துறவு இல்லத்தைக் கட்டினார். குன்றின் ஏற்றத்தில் சிலுவைப்பாதை நிலைகளையும் அமைத்தார். ஜெரோம் என்ற பெயரில் அங்கு வாழ்ந்தபோதும் ஆலயம் கட்டும் பணியை விடவில்லை. லாங் தீவின் கிளாரன்ஸ் டவுனில், அவர் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தபோது கட்டிய ஆலயமும், கத்தோலிக்கக் குருவாகிக் கட்டிய ஆலயமும் ஒரே ஊரில் இருப்பதை இன்றும் காணலாம். 1956 ஜூன் 26 அன்று இறைவனடி சேர்ந்தார். பெரிய பேராலயத்தைக் கட்டியவர், அந்தக் குன்றின் குகை ஒன்றில் வெறுங்காலுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்புக்குரியவர்களே, இந்த வாழ்வு நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. பங்கில் சிறிது பணம் சேர்ந்ததும், பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாமா என்றே நாம் முதலில் பேசுகிறோம். இடம் போதாதபோது புதிய ஆலயம் தேவைதான். ஆனால் அந்தப் பழைய சுவரில் நம் பாட்டன் பாட்டிமார் சுமந்த கல்லும், அவர்கள் கொடுத்த ஒருநாள் கூலியும் இருக்கின்றன. இடிக்கும் முன், அதைப் பழுதுபார்த்துக் காப்பாற்ற முடியுமா என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

தம் விருப்பத்தைத் தள்ளி வைத்து, தம்மிடம் கொடுக்கப்பட்ட வேலையை அன்போடு செய்தார் அருட்தந்தை ஹாஸ். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஆலயத்தையும் அதே அன்போடு காக்க இறைவன் நமக்கு அருள் தருவாராக.