நந்தலால் போஸ்

நந்தலால் போஸ் (டிசம்பர் 3, 1882 – ஏப்ரல் 16, 1966) ஓர் இந்திய ஓவியர் ஆவார். வங்காளக் குழந்தைகள் எழுத்தறியும் சகஜ் பாட் என்னும் பாடநூலின் படங்களை வரைந்தவர் இவரே.

வாழ்க்கை

பீகாரின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரில் பிறந்தார். (இது மேற்கு வங்காளத்தின் கரக்பூர் அன்று.) சிறுவயதில் குயவர்களும் பொம்மை செய்வோரும் வேலை செய்வதைக் கண்டு தாமும் உருவங்கள் செய்து பழகினார். கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார். பின்னர் கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1922 இல் சாந்திநிகேதனின் கலா பவன் முதல்வரானார். சத்யஜித் ராய் இவருடைய மாணவர்களுள் ஒருவர்.

எழுத்தும் படமும்

இரவீந்திரநாத் தாகூர் எழுதிய சகஜ் பாட் 1930 இல் வெளிவந்தது. இதன் முதற் பாகத்தில் எழுத்துக்களுடன் சிறு பாட்டும் படமும் அமைந்துள்ளன. படங்கள் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. செதுக்கிய இடம் வெள்ளையாகவும் எஞ்சிய இடம் கறுப்பாகவும் பதியும். இம்முறையில் நுண்ணிய விவரங்களைவிட உருவத்தின் வடிவமே மேலோங்கி நிற்கும். எனவே வாசிக்கத் தெரியாத குழந்தையும் படத்தைக் கொண்டு பொருளை உணர இயலும். அதே ஆண்டில், தண்டி யாத்திரையை ஒட்டி, கோலூன்றி நடக்கும் காந்தியின் புகழ்பெற்ற உருவத்தையும் இம்முறையிலேயே படைத்தார்.

பிற பணிகள்

1938 இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டிற்குச் சுவரொட்டிகள் வரைந்தார். இந்திய அரசியலமைப்பின் மூலப்படியைத் தம் மாணவர்களுடன் இணைந்து அழகுபடுத்தினார். 1954 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். கல்கத்தாவில் காலமானார். தேர்வில் தவறிய இவரின் படங்களைப் பார்த்தே வங்காளத்தில் பல தலைமுறையினர் எழுத்தறிந்தனர்.