லண்டனின் ஏழைக்கும் ஐஸ்கிரீமை எட்ட வைத்தவர் கார்லோ காத்தி

லண்டனில் பாரம்பரிய இத்தாலிய ஐஸ்கிரீம் எங்கே நன்றாக இருக்கும் என்று தேடுபவர்கள் சோஹோ, கிளார்க்கன்வெல் என்று கடைகடையாக ஏறி இறங்குவார்கள். ஆனால் அந்த நகரத்தின் சாமானிய மக்கள் ஐஸ்கிரீம் சாப்பிடத் தொடங்கிய கதைக்கு அடையாளம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகே, கால்வாய்க் கரையில் நிற்கும் ஒரு பழைய கிடங்கின் தரைக்கு அடியில் பெரிய கிணறு ஒன்று உண்டு. அதில் தண்ணீர் இறைத்தவர் யாரும் இல்லை. பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகவே தோண்டப்பட்ட கிணறு அது. அதைத் தோண்ட வைத்தவர் கார்லோ காத்தி.

மலையிலிருந்து மாநகருக்கு

காத்தி 1817ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் திச்சினோ மாநிலத்தில் பிறந்தார். அவர் சுவிஸ் நாட்டவர். ஆனால் அந்த மாநிலத்தின் மொழி இத்தாலியம். லண்டன்வாசிகள் அவரை இத்தாலியர் என்றே நினைத்தார்கள். பிறந்த ஊர் பிளேனியோ பள்ளத்தாக்கில் உள்ள ஒரு மலைக் கிராமம். அந்தப் பள்ளத்தாக்கில் விளைச்சல் குறைவு. அதனால் ஆண்கள் பிழைப்புத் தேடி வெளிநாடு போவது அங்கே வழக்கமாக இருந்தது.

1847இல் லண்டன் வந்து சேர்ந்தபோது காத்திக்கு 30 வயது. ஹோல்பர்ன் வட்டாரத்தில், இத்தாலிய மொழி பேசுபவர்கள் நெருக்கமாகக் குடியிருந்த பகுதியில் தங்கினார். கையில் பெரிய முதல் இல்லை. தெருவோரத்தில் சிறு கடை போட்டுக் காப்பியும், சர்க்கரை தூவிய மெல்லிய வாஃபிள் ரொட்டியும் விற்றார். குளிர்காலத்தில் சுட்ட செஸ்நட் கொட்டைகளை விற்றார்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1849இல் சாக்லெட் தயாரிப்பில் கைதேர்ந்த பத்திஸ்தா பொல்லா என்பவருடன் கூட்டுச் சேர்ந்து உணவுக் கடை ஒன்றைத் திறந்தார். சாக்லெட்டும் ஐஸ்கிரீமும் அங்கே சிறப்பு. தேம்ஸ் ஆற்றை ஒட்டிய ஹங்கர்ஃபோர்ட் சந்தையிலும் அவருடைய வியாபாரம் வளர்ந்தது.

பணக்காரர் பண்டம்

லண்டனுக்கு ஐஸ்கிரீம் அப்போது புதிதல்ல. தொமெனிக்கோ நெக்ரி என்ற இத்தாலியர் 1757லேயே பெர்க்லி சதுக்கத்தில் இனிப்புக் கடை திறந்திருந்தார். பிறகு கன்டர்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற அந்தக் கடைக்குப் பிரபுக்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கூலி வேலை செய்பவருக்கு அது எட்டாக்கனி.

ஐஸ்கிரீமை எட்டாமல் வைத்திருந்தது பனிக்கட்டிதான். பாலும் சர்க்கரையும் எப்படியாவது கிடைத்துவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் பாலை உறைய வைக்க ஒரே வழிதான் இருந்தது. வாளியில் உடைத்த பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து போட்டு, அதன் நடுவில் பால் கலவை நிறைந்த தகரக் குவளையை இறக்கிச் சுழற்ற வேண்டும். உப்பு பட்டதும் பனிக்கட்டி வேகமாகக் கரையும். கரைவதற்குத் தேவையான வெப்பத்தைக் குவளையிலிருந்து இழுத்துக்கொள்ளும். அப்போது பால் உறையும். கோடையில் பனிக்கட்டி வேண்டுமானால், குளிர்காலத்திலேயே வெட்டி நிலத்தடி அறையில் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அந்த வசதி பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கே இருந்தது.

காத்தி இந்த முடிச்சைச் சரியாகக் கண்டுகொண்டார். ரீஜன்ட்ஸ் கால்வாயை நடத்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, குளிர்காலத்தில் கால்வாய் மேல் உறையும் பனியை வெட்டி எடுத்தார். 1850களின் தொடக்கத்தில் அவர் கடையில் ஐஸ்கிரீமின் விலை ஒரு பென்னி. 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுன். அவ்வளவு சிறிய காசுக்கு அதுவரை பிரபுக்கள் சுவைத்த பண்டம் கிடைத்தது.

நோர்வேயிலிருந்து வந்த குளிர்ச்சி

கால்வாயை நம்பிப் பெரிய வியாபாரம் செய்ய முடியாது. குளிர் குறைந்த ஆண்டில் கால்வாய் உறையாது. உறைந்தாலும் அது படகுகள் போய்வரும் அழுக்குத் தண்ணீர். எனவே காத்தி கடலுக்கு அப்பால் பார்த்தார். நோர்வே ஏரிகளில் குளிர்காலத்தில் தெளிந்த பனிக்கட்டி தடிமனாக உறையும். அதைப் பாளம் பாளமாக வெட்டிக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு வரவழைத்தார். தேம்ஸ் துறைமுகத்தில் இறங்கிய பாளங்கள் கால்வாய்ப் படகுகளுக்கு மாறி கிங்ஸ் கிராஸ் வந்து சேர்ந்தன.

அங்கேதான் அந்தக் கிணறு. 1857 வாக்கில் முதல் கிணற்றின் வேலை தொடங்கியது. 1860களில் பக்கத்திலேயே இரண்டாவது கிணறும் வந்தது. செங்கல் வைத்துக் கட்டிய வட்டக் கிணறுகள் அவை. நூற்றுக்கணக்கான டன் பனிக்கட்டி உள்ளே இறங்கும். மண்ணுக்கு அடியில் வெயில் படாது. கட்டிகள் நெருக்கி அடுக்கப்பட்டதால் ஒன்றின் குளிர் இன்னொன்றைக் காத்தது. கோடையிலும் பனிக்கட்டி கையிருப்பில் இருந்தது.

லண்டனின் மிகப் பெரிய பனிக்கட்டி இறக்குமதியாளர் ஆனார் காத்தி. இறைச்சிக் கடை, மீன் கடை, உணவகம், வசதியான வீடு என எங்கும் அவருடைய குதிரை வண்டிகள் போயின. தெருவில் செஸ்நட் விற்றவரின் பெயர் ஊர் முழுக்கப் பரவியது.

விழுந்தாலும் எழுந்தவர்

இடையில் அடியும் விழுந்தது. ஹங்கர்ஃபோர்ட் சந்தையில் இருந்த மண்டபம் 1854இல் தீக்கு இரையானது. காப்பீடு இருந்ததால் காத்தி அதோடு முடங்கவில்லை. அந்தத் தொகையைக் கொண்டு இசை அரங்கம் அமைத்தார். 1862இல் அந்தச் சந்தையே இடிக்கப்பட்டது. இன்றைய சேரிங் கிராஸ் ரயில் நிலையம் அந்த இடத்தில்தான் எழுந்தது. இடத்துக்குக் கிடைத்த பணத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலச் சாலையில் ஓர் இசை அரங்கம், 1867இல் சேரிங் கிராஸ் ரயில் பாதையின் வளைவுகளுக்கு அடியில் இன்னொன்று என்று மீண்டும் தொடங்கினார்.

விடியற்காலை வரிசை

அவருடைய உழைப்பால் பிழைத்த இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் விற்ற ஏழை இத்தாலியர்கள். 1877இல் லண்டன் தெரு வாழ்க்கையைப் படமும் எழுத்துமாகப் பதிவு செய்த நூல் ஒன்றில் இவர்களும் இடம்பெற்றார்கள். படங்களை எடுத்தவர் ஜான் தாம்சன். அதற்கு முன்பு 1860களில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் படமெடுத்தவர் அவர். விடியற்காலை நான்கு மணிக்கே காத்தி நிறுவனத்தின் பனிக்கட்டிக் கிடங்கு திறந்துவிடும். கூடை, துணி, கம்பளி என்று கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து அவர்கள் அன்றைய பனிக்கட்டியை வாங்கிப் போவார்கள். நெரிசலான குடியிருப்புகளில் வைத்து ஐஸ்கிரீம் தயாரித்து, வெயில் ஏறும் நேரத்தில் தெருவுக்கு வருவார்கள்.

அந்தப் பிழைப்பில் குறையும் இருந்தது. தடித்த அடிப்பாகம் கொண்ட சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். வாங்கியவர் நக்கிச் சாப்பிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் பெயருக்குத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு நிரப்புவார்கள். நோய் பரவும் என்ற அச்சத்தால் 1899இல் லண்டனில் அந்தக் கிண்ணம் தடை செய்யப்பட்டது. மலிவு விலையில் சாமானியருக்குக் கிடைத்த இனிப்போடு இந்த ஆபத்தும் சேர்ந்தே வந்தது.

ஊர் திரும்பிய முதலாளி

1871இல் காத்தி வியாபாரத்தைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுச் சொந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பினார். 1878இல் அங்குள்ள தொஞ்சோ என்ற ஊரில் காலமானார். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் நோர்வே கப்பல்கள் குறைந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணறுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தக் கிடங்கில் 1992 முதல் லண்டன் கால்வாய் அருங்காட்சியகம் இயங்குகிறது. வருபவர்கள் மேலிருந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கலாம். ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்தவர் காத்தி அல்லர். புதிய சுவை எதையும் அவர் கொண்டுவந்ததாகவும் யாரும் சொல்வதில்லை. பனிக்கட்டிக்கு வழி செய்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த வழி பிறந்த பிறகுதான் கையில் ஒரு பென்னியோடு நின்ற பிள்ளைக்கும் லண்டனில் ஐஸ்கிரீம் கிடைத்தது.